வேலைநிறுத்த நாளில் ரேடியோ யார் பக்கம்?

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரை)

தோழர்களே!

நமக்கு நேர்ந்த ஓர் அனுபவத்திலிருந்து பேச்சைத் தொடங்குகிறோம். ஒரு பஞ்சாலையில் வேலைநிறுத்தம். மூன்றாவது நாள் விடியற்காலை. "பேச்சுவார்த்தை முடிந்துவிட்டது, காலை ஷிப்டு உண்டு" என்று ஒரு செய்தி பரவிற்று. யார் சொன்னது? எவருக்கும் தெரியாது. செல்போனில் வந்தது என்றார் ஒருவர். டீக்கடையில் பேசிக்கொண்டார்கள் என்றார் இன்னொருவர். நாம் ஆலை வாசலுக்குப் போய்ச் சேருவதற்குள் நாற்பது பேர் உள்ளே போய்விட்டார்கள். அவர்கள் கருங்காலிகள் அல்ல. ஒழுங்காகச் சந்தா கட்டியவர்கள். முதல் இரண்டு நாளும் வாசலில் வெயிலில் நின்றவர்கள். ஏமாந்துபோனார்கள், அவ்வளவுதான்.

பிறகு கமிட்டி கூடிற்று. எல்லாம் நிர்வாகத்தின் சூழ்ச்சி என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டிருக்கலாம். ஆனால் ஒரு தோழர் எழுந்து கேட்டார்: "இரண்டு நாளாக நாம் ஒரு துண்டு நோட்டீசு போட்டோமா? வாசலில் ஒரு கரும்பலகை வைத்தோமா? நாம் வாயை மூடிக்கொண்டிருந்தோம், அவன் திறந்தான். காதில் விழுந்த குரலைத்தானே ஜனங்கள் நம்புவார்கள்?" நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. தவறு நம்முடையது என்று ஒப்புக்கொண்டோம்.

அந்தத் தோழரின் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம். போராட்ட காலத்தில் செய்தி யார் கையில் இருக்கிறது? அதிலும் முக்கியமாக, "நாங்கள் எந்தக் கட்சியும் அல்ல, தேசம் முழுமைக்கும் பொது" என்று சொல்லிக்கொள்கிற தேசிய ரேடியோ, வேலைநிறுத்த நாளில் எங்கே போய் நிற்கிறது?

இதைப் புரிந்துகொள்ள உலகத் தொழிலாளர் சரித்திரத்தில் ஒரு தெளிவான உதாரணம் இருக்கிறது. 1926ம் ஆண்டு மே மாதம் பிரிட்டனில் நடந்த பொது வேலைநிறுத்தமும், அதில் பி.பி.சி. ரேடியோ நடந்துகொண்ட விதமும்தான் அந்த உதாரணம்.

நிலக்கரியில் பற்றிய நெருப்பு

முதலில் போராட்டம் எப்படி வந்தது என்று பார்ப்போம். முதல் உலக யுத்தத்துக்குப் பின் பிரிட்டனின் நிலக்கரி வியாபாரம் சரிந்தது. 1925ல் நிதி மந்திரியாக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில், பவுன் நாணயத்தை யுத்தத்துக்கு முந்திய தங்க மதிப்பிலேயே மீண்டும் நிறுத்தினார். இதனால் வெளிநாட்டில் பிரிட்டிஷ் நிலக்கரியின் விலை இன்னும் ஏறிற்று. விற்பனை இன்னும் குறைந்தது. நஷ்டத்தை யார் தலையில் கட்டுவது? சுரங்க முதலாளிகள் தயங்கவில்லை. கூலியைக் குறை, வேலை நேரத்தைக் கூட்டு என்றார்கள்.

பூமிக்கடியில் இருட்டில் படுத்தும் தவழ்ந்தும் கரி வெட்டுகிற பத்து லட்சம் மனிதர்கள், கூலியில் ஒரு காசும் குறையக்கூடாது, வேலையில் ஒரு நிமிஷமும் கூடக்கூடாது என்று உறுதியாக நின்றார்கள். ஒன்பது மாதம் அரசாங்கம் மானியம் கொடுத்து நாளைக் கடத்திற்று. அந்த ஒன்பது மாதத்தில் சர்க்கார் சும்மா இருக்கவில்லை. வேலைநிறுத்தத்தை உடைப்பதற்கு லாரியும் ஆளும் திரட்டி வைத்துக்கொண்டது. 1926 ஏப்ரல் 30ல் மானியம் முடிந்தது. மே 1ம் தேதி, உலகத் தொழிலாளர் தினத்தன்று, சுரங்கங்களில் கதவடைப்பு!

மே 3ம் தேதி நள்ளிரவு முதல் பிரிட்டிஷ் தொழிற்சங்கக் காங்கிரஸ் பொது வேலைநிறுத்தம் தொடங்கிற்று. ரயில் நின்றது. பஸ் நின்றது. துறைமுகம் நின்றது. இரும்பு உலை அணைந்தது. 15 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். அவர்களில் பெரும் பகுதியினருக்குத் தங்கள் சொந்தக் கூலியில் தகராறு கிடையாது. சுரங்கத் தோழனுக்காக வந்தார்கள். இந்த வர்க்க ஒற்றுமையைக் கண்டுதான் ஆளும் கூட்டம் நடுங்கிற்று.

அந்த நாளில் நம் நாட்டவர் ஒருவரும் அங்கே இருந்தார். ஷாபுர்ஜி சக்லத்வாலா. பம்பாயில் பிறந்த பார்சி. லண்டன் பாட்டர்சீ தொகுதித் தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த கம்யூனிஸ்டுப் பார்லிமெண்டு உறுப்பினர். மே தினத்தன்று ஹைட் பார்க் கூட்டத்தில், உங்கள் சகோதரத் தொழிலாளர்களைச் சுடாதீர்கள் என்று சிப்பாய்களுக்கு வேண்டுகோள் விட்டார். இரண்டு மாதச் சிறை விதித்தார்கள். சிப்பாயிடம் பேசியவர் சிறைக்குப் போனார். தேசம் முழுவதையும் பார்த்து ரேடியோவில் பேசியவர் யார்? இனி அதைப் பார்ப்போம்.

பத்திரிகை நின்றது, ரேடியோ பேசிற்று

அச்சுத் தொழிலாளர்களும் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். வேலைநிறுத்தம் தொடங்குவதற்கு முன்னமேயே 'டெய்லி மெயில்' அச்சகத் தொழிலாளர்கள் சங்கங்களைத் தாக்கி எழுதிய ஒரு தலையங்கத்தை அச்சிட மறுத்தார்கள். அதையே சாக்காக வைத்துத்தான் அரசாங்கம் பேச்சுவார்த்தையை முறித்தது. வேலைநிறுத்தம் வந்ததும் பெரிய பத்திரிகைகளெல்லாம் நின்றன அல்லது ஒற்றைத் தாளாகச் சுருங்கின.

முதலாளிகளின் பத்திரிகை நின்றது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கவனியுங்கள். தொழிலாளர் பத்திரிகையான 'டெய்லி ஹெரால்டு'ம் அதோடு சேர்ந்து நின்றுபோயிற்று! பிறகுதான் விழித்துக்கொண்டு 'பிரிட்டிஷ் ஒர்க்கர்' என்ற ஏட்டை மே 5ம் தேதி முதல் வெளியிட்டார்கள். அதற்கு வந்த காகிதத்தையும் சர்ச்சில் பறித்துக்கொண்டார். அவரே ஆசிரியராக உட்கார்ந்து 'பிரிட்டிஷ் கெஜட்' என்ற சர்க்கார் பத்திரிகையை நடத்தினார். ஊர்தோறும் போராட்டக் கமிட்டிகள் கையால் சுற்றி அச்சடித்த செய்தித் தாள்களைக் கொண்டுவந்தன. அப்படிப்பட்ட தாள்களை வெளியிட்டதற்காகக் கம்யூனிஸ்டுகள் சிறைக்குப் போனார்கள்.

பத்திரிகை இல்லாத அந்த இடைவெளியில் புகுந்தது ரேடியோ. பி.பி.சி.க்கு அப்போது நான்கு வயதுகூட நிறையவில்லை. ரேடியோப் பெட்டி செய்யும் கம்பெனிகள் சேர்ந்து 1922ல் நிறுவியது அது. கேட்பவர் ஒவ்வொருவரும் தபாலாபீசில் ஆண்டுக்குப் பத்து ஷில்லிங் லைசென்சு கட்ட வேண்டும். அப்போது சுமார் 20 லட்சம் லைசென்சுகள் இருந்தன. பத்திரிகை முதலாளிகளின் நிர்ப்பந்தத்தால் மாலை ஏழு மணிக்கு முன் செய்தி சொல்லக்கூடாது என்று அதற்குத் தடை இருந்தது. வேலைநிறுத்தம் வந்ததும் தடை பறந்தது. காலை முதல் இரவு வரை தினம் ஐந்து முறை செய்தி! ரேடியோ உள்ள வீட்டு வாசலில் அக்கம்பக்கத்தார் கூடி நின்று கேட்டார்கள்.

பிடுங்காமலே கிடைத்த ரேடியோ

இப்போது மந்திரி சபைக்குள் ஒரு விவாதம். ரேடியோவை நேராகச் சர்க்காரே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார் சர்ச்சில். வேண்டாம் என்றார் பிரதம மந்திரி பால்டுவின். பி.பி.சி.யின் தலைமை நிர்வாகி ஜான் ரீத் என்பவரும் வேண்டாம் என்று வாதாடினார். கடைசியில் பிடுங்குவதில்லை என்று முடிவாயிற்று.

ஆகா, ரேடியோவின் சுதந்திரம் காப்பாற்றப்பட்டது என்று இதைச் சிலர் புகழ்வதுண்டு. ரீத் தம்முடைய டைரியில் எழுதிய காரணத்தைக் கேளுங்கள். நாம் உண்மையிலேயே நடுநிலையாக இருந்துவிட மாட்டோம் என்று அவர்கள் நம்மை நம்பலாம், அது அவர்களுக்குத் தெரியும் என்ற பொருளில் அவரே எழுதிவைத்திருக்கிறார்! நாய்க்குச் சங்கிலி போடவில்லை. ஏன்? அது வாசலை விட்டு நகராது என்று எஜமானனுக்குத் தெரியும்.

நடந்ததைப் பாருங்கள். பிரதம மந்திரி மே 8ம் தேதி ரேடியோவில் பேசினார். எங்கிருந்து? ரீத்தின் சொந்த வீட்டிலிருந்து. அந்தப் பேச்சுக்குச் சில வாக்கியங்களை எடுத்துக் கொடுத்தவரும் ரீத்தான். தொழிற்கட்சியின் தலைவர் ராம்சே மக்டொனால்டு, முன்னாள் பிரதம மந்திரி, தமக்கும் நேரம் வேண்டும் என்று கேட்டார். அவர் புரட்சிக்காரர் அல்ல, வேலைநிறுத்தத்தையே விரும்பாதவர். அவருக்குக்கூட அரசாங்கம் இடம் கொடுக்கவில்லை. பி.பி.சி.யும் அதற்குக் கீழ்ப்படிந்தது.

அது போகட்டும். கிறிஸ்தவ மதத்தின் பெரிய குருவான காண்டர்பரி ஆர்ச் பிஷப் ஒரு சமாதான வேண்டுகோள் தயாரித்தார். சங்கம் வேலைநிறுத்தத்தை வாபஸ் வாங்கட்டும், முதலாளிகள் கூலிக்குறைப்பு நோட்டீசை வாபஸ் வாங்கட்டும், அரசாங்கம் மானியத்தைத் தொடரட்டும், மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கட்டும் என்பது அதன் சாரம். இதில் என்ன கம்யூனிசம் இருக்கிறது? அதையும் ஒலிபரப்ப மறுத்தார்கள். நாட்கள் சில கழிந்து, போராட்டம் முடியப்போகிற நேரத்தில்தான் அது ரேடியோவில் வந்தது.

பி.பி.சி. முழுக்க முழுக்கப் பொய்யே சொல்லிற்றா? இல்லை. தொழிற்சங்கக் காங்கிரஸ் விட்ட அறிக்கைகளையும் அவ்வப்போது படித்தது. தோழர்களே, இங்கேதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். முழுப் பொய் சொல்லும் வாயை ஜனங்கள் இரண்டே நாளில் கண்டுகொள்வார்கள். சர்ச்சிலின் கெஜட்டைப் படித்துப் பலர் சிரித்தார்கள். ரேடியோவைக் கேட்டுச் சிரிக்கவில்லை. பத்து உண்மையைச் சொல்லி நம்பிக்கை சம்பாதித்து, பதினோராவது விஷயத்தைச் சொல்லாமல் விடுவது பொய்யைவிடக் கூர்மையான ஆயுதம். ரயில் ஓடுகிறது என்று சொல்லலாம். எத்தனை ரயில் ஓடவில்லை என்பதை விட்டுவிடலாம். வேலைக்குத் திரும்பியவனின் செய்தி வரும். திரும்பாதவனின் வீட்டு அடுப்பைப் பற்றி வராது.

'தேசம்' என்பது யார்?

ரீத் தம் கீழுள்ள அதிகாரிகளுக்கு விளக்கம் எழுதினார். அதன் தர்க்கம் இது: பி.பி.சி. தேசிய ஸ்தாபனம். அரசாங்கம் மக்களுக்காகச் செயல்படுகிறது. ஆகவே இந்த நெருக்கடியில் பி.பி.சி.யும் அரசாங்கத்தின் பக்கமே.

கேட்பதற்கு ஒழுங்காக இருக்கிறதல்லவா? இரண்டாவது படியில் கால் வைத்துப் பாருங்கள், பலகை ஆடும். அரசாங்கம் மக்களுக்காகச் செயல்படுகிறது என்று யார் தீர்மானித்தது? கதவடைப்பில் தெருவுக்கு வந்த பத்து லட்சம் சுரங்கத் தொழிலாளிகள் மக்கள் இல்லையா? அவர்கள் பெண்டு பிள்ளைகள் மக்கள் இல்லையா? அவர்களையெல்லாம் கழித்துவிட்டு மிச்சமிருப்பதற்குத் 'தேசம்' என்று பெயர் வைத்தார்கள். முதலாளி வர்க்கத்தின் நலனுக்குத் தேசத்தின் நலன் என்று முகமூடி போடுவது பழைய வித்தை. ரேடியோவில் அது புது மெருகு பெற்றது.

எல்லன் வில்கின்சன் என்ற தொழிற்கட்சிப் பார்லிமெண்டு உறுப்பினர், பின்னால் 1932ல் இந்தியா லீக் தூதுக்குழுவில் நம் நாட்டு நிலைமையைப் பார்க்க வந்தவர், இதைச் சரியாகப் பிடித்தார். வேலைநிறுத்தத்தின்போது ஊர் ஊராகச் சுற்றி வந்த அவர் பி.பி.சி.யின் பத்திரிகைக்கே கடிதம் எழுதினார். எல்லா வர்க்கத்தாரும் பணம் கட்டி நடக்கிற தேசிய ஸ்தாபனம் ஒரு தரப்பை மட்டும் சொல்லலாமா என்று எங்கு போனாலும் மனக்கசப்போடு கேட்கிறார்கள் என்பது அவர் புகார். சுரங்கத் தொழிலாளியின் பத்து ஷில்லிங்கும் முதலாளியின் பத்து ஷில்லிங்கும் ஒரே நிறம்தான். பணம் வாங்கும்போது பொது, பேசும்போது ஒரு பக்கம்!

ஒன்பதாம் நாள்

மே 12ம் தேதி தொழிற்சங்கக் காங்கிரசின் பொதுக்குழுத் தலைவர்கள் பிரதம மந்திரி வீட்டுக்குப் போனார்கள். வேலைநிறுத்தத்தை வாபஸ் வாங்கினார்கள். சுரங்கத் தொழிலாளருக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வேலைநிறுத்தம் செய்தவர்களைப் பழிவாங்க மாட்டோம் என்ற எழுத்துகூட வாங்கவில்லை. போராட்டத்தைத் தோற்கடித்தது ரேடியோ அல்ல, இந்தச் சரணாகதிதான். இதை மறைத்துவிட்டு எல்லாப் பழியையும் ரேடியோமேல் போடுவது நமக்கு அழகல்ல.

ஆனால் ரேடியோ என்ன செய்தது? எந்த ஊர்க் கமிட்டியும் கூடி யோசிப்பதற்கு முன்னால், மதியச் செய்தியிலேயே போராட்டம் முடிந்தது என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டது. இரவில் ரீத்தே மைக் முன் உட்கார்ந்து மன்னர் செய்தியையும் பிரதம மந்திரி செய்தியையும் படித்தார். முடிவில் பக்திப் பரவசத்தோடு பாடகர் குழுவின் பாட்டு! பல ஊர்களில் தொழிலாளர்கள் நாம் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தார்கள். மறுநாள் வாசலுக்குப் போனபோதுதான் தெரிந்தது. குறைந்த கூலிக்கு வா, சங்கத்தை விட்டுவிட்டு வா, உனக்கு இடமில்லை போ என்று முதலாளிகள் பேசினார்கள். கோபம் கொண்டு மீண்டும் வெளியே வந்தவர்கள் ஏராளம். ஆனால் தலைமை போய்விட்டது.

சுரங்கத் தொழிலாளர்கள் நவம்பர் வரை தனியே பட்டினி கிடந்து போராடினார்கள். கடைசியில் குறைந்த கூலிக்கும் கூடுதல் நேரத்துக்கும் திரும்பினார்கள். 1927ல் அனுதாப வேலைநிறுத்தத்தைத் தடைசெய்து சட்டம் வந்தது. அந்தச் சட்டம் ஒழிய 1946 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பி.பி.சி.க்கோ 1927 ஜனவரி 1 முதல் அரச சாசனம் பெற்ற கார்ப்பொரேஷன் என்ற அந்தஸ்து! ரீத்துக்கு 'சர்' பட்டம்!

அதே அச்சில் நம் நாட்டு ரேடியோ

சீமைக் கதை நமக்கெதற்கு என்று கேட்காதீர்கள். இங்கே தனியார் ஒலிபரப்புக் கம்பெனி 1930ல் நொடித்துப்போக, பிரிட்டிஷ் சர்க்கார் அதை எடுத்துக்கொண்டது. 1935ல் அதற்கு அதிகாரியாக வந்த லயனல் பீல்டன், ரீத்தின் பி.பி.சி.யில் வேலை பார்த்தவர். 1936ல் 'ஆல் இந்தியா ரேடியோ' என்று பெயர் வந்தது. 1938ல் சென்னையிலும் 1939ல் திருச்சியிலும் நிலையம் தொடங்கிற்று. மைக் சர்க்கார் மேஜையில் இருந்தது. அதனால்தான் 1942ல் உஷா மேத்தாவும் தோழர்களும் பம்பாயில் இடம் மாற்றி இடம் மாற்றி ஒளிந்து காங்கிரஸ் ரேடியோ நடத்திச் சிறை சென்றார்கள்.

சுதந்திரம் வந்தது. மைக் மட்டும் மேஜையை விட்டு நகரவில்லை. 1975 ஜூன் 26 காலை அவசரநிலைச் செய்தியை நாட்டுக்குச் சொன்னது அந்த மைக்தான். அதற்கு எதிரான ஒரு வார்த்தைக்கு அதில் இடமில்லை. 1990ல் பிரசார் பாரதி சட்டம் நிறைவேறி 1997ல் அமலுக்கு வந்தது. சுதந்திர ஸ்தாபனம் என்றார்கள். 2017ல் திரிபுராவின் இடதுசாரி முதல் மந்திரி மாணிக் சர்க்காரின் சுதந்திர தின உரையை, மாற்றி எழுதிக்கொடுத்தால்தான் ஒலிபரப்புவோம் என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் மாற்றவில்லை, உரை வரவில்லை. ஒரு மாநில முதல் மந்திரிக்கே இந்தக் கதி என்றால், நாற்று நடுகிற பெண்ணுக்கு என்ன கதி?

அப்படியானால் ரேடியோவை வெறுக்க வேண்டுமா? கூடாது. தஞ்சை விவசாயத் தோழர்களுக்குத் தெரியும். 1966 வாக்கில் ஆடுதுறை 27 என்ற நெல்லுக்கு ஜனங்கள் 'ரேடியோ நெல்லு' என்றே பெயர் வைத்தார்கள். திருச்சி ரேடியோ சொல்லிப் பரவிய விதை அது. புயல் எச்சரிக்கை சொல்லி எத்தனையோ உயிரைக் காத்ததும் ரேடியோதான். ஆனால் விளைச்சல் கூடியதும் கூலிப் படி தானாகக் கூடிற்றா? கூலிக்காகச் சங்கம் கட்டிய கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 உயிர்களைத் தீயில் பறிகொடுத்தோம். நெல்லைப் பரப்பியது ரேடியோ. கூலியைக் கூட்டியது செங்கொடிச் சங்கம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மறக்கக்கூடாது.

நாம் என்ன கேட்கிறோம்?

பொது ரேடியோவைத் தனியாருக்கு விற்காதே என்கிறோம். சர்க்கார் மைக்குக்குப் பதில் முதலாளி மைக் நமக்கு விடுதலை அல்ல. ஆகாய அலை பொதுச் சொத்து என்று சுப்ரீம் கோர்ட்டே 1995ல் தீர்ப்பளித்திருக்கிறது. பொதுச் சொத்தென்றால் அதில் நமக்கும் பங்கு வேண்டும். 1977 முதல் தேர்தல் காலத்தில் கட்சிகளுக்கு ரேடியோவில் நேரம் ஒதுக்குகிறார்கள். ஓட்டுக் கேட்க நேரம் உண்டென்றால், கூலி கேட்க ஏன் இல்லை? பெரிய வேலைநிறுத்தம் நடக்கும்போது மந்திரிக்கும் முதலாளிக்கும் கொடுக்கிற நேரத்தைச் சங்கத்துக்கும் கொடு! இது நியாயமான ஜனநாயகக் கோரிக்கை. இதைத் தீர்மானமாகப் போட வேண்டும், மகஜராகக் கொடுக்க வேண்டும், தெருவில் நின்றும் கேட்க வேண்டும்.

ஆனால் கோரிக்கை ஜெயிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா? நாற்பது பேர் உள்ளே போன அந்தக் காலையை நினைத்துப் பாருங்கள். அதன் பிறகு கமிட்டி செய்த முடிவுகளை உங்களுக்கும் சொல்கிறோம்.

ஒன்று: போராட்டம் தொடங்குவதற்கு முந்திய நாளே கரும்பலகை வாசலுக்கு வந்துவிட வேண்டும். தினமும் காலை ஐந்து மணிக்குள் அதில் அன்றைய நிலைமை எழுதப்பட வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை என்றால், ஒன்றும் நடக்கவில்லை என்று எழுத வேண்டும்.

இரண்டு: வேலைக்குத் திரும்புவது பொதுக்கூட்டத்தில் கையைத் தூக்கி எடுக்கும் முடிவு. ரேடியோ சொன்னாலும், டெலிவிஷன் சொன்னாலும், செல்போனில் வந்தாலும், ஏன், பெரிய தலைவர் பெயரில் வந்தாலும், கூட்டம் கூடாமல் ஒருவரும் வாசலைத் தாண்டக்கூடாது.

மூன்று: கிராமங்களில் வீடுகள் சிதறிக் கிடக்கின்றன. தெருவுக்கு ஒரு தோழர், படிக்கத் தெரிந்தவர், மாலையில் நமது பத்திரிகையை உரக்கப் படிக்க வேண்டும். ஆண்கள் மட்டும் அல்ல, பெண்களும் வந்து உட்காரும் இடத்தில், உட்காரும் நேரத்தில் படிக்க வேண்டும்.

நான்கு: நம் பலகையில் பொய் கூடாது. பத்துப் பேர் வேலைக்குப் போய்விட்டால் பத்துப் பேர் போய்விட்டார்கள் என்று எழுதுங்கள். அதை எழுதக் கை கூசும். ஆனாலும் எழுதுங்கள். எதிரி உண்மையைக் கலந்து நம்பிக்கை சம்பாதிக்கிறான். நாம் முழு உண்மையைச் சொல்லிச் சம்பாதிப்போம்.

அடுத்த வேலைநிறுத்தம் என்று வரும் என்று தெரியாது. ஆனால் கரும்பலகை வாங்க இன்றே முடியும். அதற்கு வேண்டிய பணத்தை இந்தக் கூட்டம் முடிவதற்குள் இங்கேயே வசூலித்துவிடுவோம் தோழர்களே!